முன்னேர் போன வழி போகாத பின்சக்கரம்

காற்றாலை இறக்கை ஏற்றிய வண்டி ஊருக்குள் திரும்புவதை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக்காரர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். டிரைவர் முன்னால் எங்கோ இருப்பார். வண்டியின் வால் டீக்கடை, மின்கம்பம், போர்டு எல்லாவற்றையும் தாண்டி வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருக்கும். அந்த வாலோடு ஒருவர் நடந்தே வருவார், கையில் ஒரு ரிமோட் பெட்டியோடு. அவர் விசையைத் தள்ளினால் பின்சக்கரங்கள் மட்டும் தனியாகத் திரும்பும். ஒரே வண்டிக்கு முன்னால் ஒரு ஸ்டியரிங், பின்னால் ஒரு ஸ்டியரிங்.

அமெரிக்கத் தீயணைப்புத் துறையில் இது பழைய ஏற்பாடு. நீண்ட ஏணி வண்டியின் கடைசியில் இன்னொரு இருக்கை, இன்னொரு ஸ்டியரிங், அதற்கென்றே ஒரு ஆள். சான் பிரான்சிஸ்கோ போன்ற நெருக்கமான நகரங்களில் இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் சரியாகத் திருப்பாவிட்டால் முன்னால் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை, வால் போய் எதிலாவது மோதிவிடும்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் செய்யும் வேலையை ஒரு கணினியிடம் கொடுப்பதுதான் ட்ரெய்லர் லாரிகளின் ‘ஆக்டிவ் ஸ்டியரிங்’. அதைப் புரிந்துகொள்ள, ட்ரெய்லரின் பின்சக்கரம் ஏன் முன்சக்கரம் போன வழியில் போவதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ‘முன்னேர் போன வழியே பின்னேர்’ என்பது உழவுக்குச் சரி. லாரிக்கு அது பொருந்தாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடத்து பிதாகரஸ் போதும். இழுக்கும் வண்டியின் முன் ஆக்சில் 11 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நிதானமாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 3.7 மீட்டர். அப்படியானால் பின் ஆக்சிலின் வட்டம் 11-இன் வர்க்கத்திலிருந்து 3.7-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது, அதாவது சுமார் 10.4 மீட்டர். அரை மீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாக உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி ட்ரெய்லரை மாட்டுவோம். இழுவை வண்டியின் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இருக்கும் இணைப்புத் தட்டிலிருந்து ட்ரெய்லரின் ஆக்சில் தொகுதி வரை 8 மீட்டர் என்றால், அந்த ஆக்சிலின் வட்டம் 6.6 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. முன்சக்கரம் போன தடத்திலிருந்து 4.4 மீட்டர் உள்ளே. ஒரு கார் நீளத்துக்கு வண்டி மூலையை வெட்டுகிறது.

ட்ரெய்லரை இன்னும் 2 மீட்டர் மட்டும் நீட்டினால்? 8 என்பது 10 ஆகிறது. வட்டம் 2.7 மீட்டர்! நீளம் கூடியது 2 மீட்டர், உள்வெட்டு கூடியதோ கிட்டத்தட்ட 4 மீட்டர். நீளத்தின் வர்க்கம் கழிபடுவதால் வரும் வினை இது. உண்மையில் தெருமுனையில் கால் வட்டம் திரும்புவதற்குள் வண்டி இந்த முழு நிலைக்கு வந்து சேராது, ஆகவே வெட்டு கொஞ்சம் குறையும். ஆனால் போக்கு இதேதான்.

இதனால்தான் ட்ரெய்லர் டிரைவர் இடப்புறம் திரும்புவதற்கு முன் வலப்பக்கம் ஒதுங்குவார். பின்னால் வரும் பைக்குக்காரர், ‘அண்ணன் வழி விடுகிறார்’ என்று இடப்பக்கத்து இடைவெளியில் நுழைவார். அந்த இடைவெளி இன்னும் சில நொடிகளில் பின்சக்கரத்துக்குச் சொந்தம். லண்டனிலும் இதே கதைதான். திரும்பும் லாரியின் இடப்பக்கம் சிக்கி சைக்கிள்காரர்கள் இறப்பது அங்கே பல ஆண்டுகளாகப் பேசப்படும் பிரச்சினை.

ஐரோப்பியச் சட்டம் இதற்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறது. வெளி ஆரம் 12.5 மீட்டர், உள் ஆரம் 5.3 மீட்டர். வண்டி இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில், 7.2 மீட்டர் அகல வளையத்துக்குள் சுற்றி வர வேண்டும். மேலே போட்ட கணக்கில் 6.6 மீட்டரிலிருந்து வண்டியின் அகலத்தில் பாதியைக் கழித்தால் ஏறக்குறைய அதே 5.3 வருகிறது. தற்செயல் இல்லை. அங்கே ஓடும் 13.6 மீட்டர் ட்ரெய்லர்கள் அந்தக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கும்படிதான் அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்கின்றன.

இன்னொரு சிக்கல், டயர். ட்ரெய்லரில் பெரும்பாலும் மூன்று ஆக்சில்கள், ஒன்றுக்கொன்று 1.3 மீட்டர் போல இடைவெளி. மூன்றும் நேராகப் பொருத்தப்பட்டவை. வளைவில் போகும்போது நடு ஆக்சில் மட்டும்தான் இயல்பாக உருளும். முன்னதும் பின்னதும் பக்கவாட்டில் இழுபடும். நம் கணக்கின் 6.6 மீட்டர் வட்டத்தில் அந்த இழுபடும் கோணம் சுமார் 11 டிகிரி.

திருவாரூர் தேர் வீதிமுனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆழித்தேரின் சக்கரம் திரும்பாது, தேர்தான் திரும்ப வேண்டும். அதற்காகச் சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, சறுக்க விடுவார்கள். ட்ரெய்லருக்கு யாரும் கிரீஸ் தடவுவதில்லை. அதன் டயர் ரப்பரே கிரீஸாகத் தேய்கிறது. கன்டெய்னர் யார்டு வாசலில் தரையைக் கவனித்தால் கறுப்புக் கறுப்பாய் வளைகோடுகள் தெரியும். உரிமையாளரின் காசுதான் அப்படிக் கோடு போட்டுக் கிடக்கிறது.

சரி, பின் ஆக்சிலையும் திரும்ப விட்டால் என்ன? அதைச் செய்யாமல் இல்லை. எளிய வழி, கடைசி ஆக்சிலின் சக்கரங்களைத் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் போலத் தானாகச் சாயும்படி அமைப்பது. கடைசி ஆக்சில் எதிர்ப்பு காட்டாமல் விட்டுக்கொடுத்தால், ட்ரெய்லர் திரும்பும் மையம் கொஞ்சம் முன்னால் நகரும். நம் கணக்கின் 8 மீட்டர் சுமார் 7.35 மீட்டரைப் போல நடந்துகொள்ளும். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது அந்தச் சக்கரம் தப்பான பக்கம் திரும்பப் பார்க்கும், எனவே அதைப் பூட்டிவிட வேண்டும். குறுகலான சந்தில் ரிவர்ஸ் போகும்போதுதானே உதவி தேவை? அப்போது இது உதவாது.

அடுத்தது, இணைப்புத் தட்டில் வண்டி எவ்வளவு மடிகிறதோ அந்த அளவுக்குக் கம்பி அல்லது ஹைட்ராலிக் குழாய் வழியாகப் பின் ஆக்சிலைத் திருப்புவது. முன்வண்டி இடப்பக்கம் மடிந்தால் பின்சக்கரம் வலப்பக்கம் திரும்பும். சீரான வட்டத்தில் இது அழகாக வேலை செய்யும். ஆனால் தெரு சீரான வட்டம் இல்லையே.

ஒரு ரவுண்டானாவுக்குள் நுழையும் வண்டியை மனதில் ஓட்டிப் பாருங்கள். முன்வண்டி வளைவில் இறங்கியதும் இணைப்பு மடிகிறது. உடனே பின்சக்கரமும் திரும்பிவிடுகிறது. ஆனால் வால் இன்னும் நேர் ரோட்டில்தான் இருக்கிறது, அது திரும்ப வேண்டிய இடம் இன்னும் வரவில்லை! விளைவு, வால் எதிர்ப்பக்கம் வீசி, பக்கத்து லேனில் நிற்பவரை இடிக்கப் போகிறது. வெளியே வரும்போது தலைகீழ். முன்வண்டி நேரானதும் பின்சக்கரமும் நேராகிவிடும், வால் மட்டும் இன்னும் வளைவுக்குள் கிடக்கும், மூலையை வெட்டும். கடிகாரம் சரியாக ஓடினாலும் நேரம் தப்பாகக் காட்டுவது போல, கோணம் சரி, இடம்தான் தப்பு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் செபோனின் குழு கையில் எடுத்தது இந்த இடத்தைத்தான். அவர்கள் ட்ரெய்லருக்குக் கொடுத்தது ஒரு நினைவு. இணைப்புத் தட்டில் செருகியிருக்கும் ட்ரெய்லரின் முளையான கிங்பின் எந்தப் பாதையில் போனது என்பதைச் சக்கர வேகத்தையும் மடியும் கோணத்தையும் வைத்துக் கணினி கணக்கிட்டுக்கொண்டே வரும். அந்தப் பாதையைப் புள்ளி புள்ளியாகச் சேமித்து வைக்கும். வண்டி ட்ரெய்லர் நீளத்துக்கு நகர்ந்த பிறகு, வாலின் மையம் அந்தப் பழைய புள்ளியின் மேல் இருக்கிறதா என்று பார்க்கும். விலகியிருந்தால் மூன்று ஆக்சில்களையும் ஹைட்ராலிக் கையால் தனித்தனியே தேவையான அளவு திருப்பும்.

ரவுண்டானாவில் முன்வண்டி திரும்பியும் பின்சக்கரம் சும்மா இருக்கும். முன்பக்கம் திரும்பிய அதே இடம் வரும்வரை காத்திருந்து, அங்கே திரும்பும். வால் வீச்சும் இல்லை, உள்வெட்டும் இல்லை. மூன்று ஆக்சிலும் அதனதன் கோணத்தில் உருளுவதால் டயர் இழுபடுவதும் பெரும்பாலும் போய்விடுகிறது. முன்னேர் போன வழியே பின்னேர், ஒரு வழியாக!

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஈர ரோட்டில் டயர் சறுக்கினால் சக்கர வேகத்தை வைத்துப் போட்ட பாதைக் கணக்கு தப்பும். அதற்காக வண்டிக்கு அடியில் தரையைப் பார்த்தபடி கேமரா வைத்து, தரை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் முறையையும் ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது ஊர்ந்து போகும் வண்டியின் கதை. நெடுஞ்சாலையில் கதை அப்படியே திரும்புகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் ருசியான பகுதி இதுதான்.

நீளத்தைச் சமாளிக்க வேறொரு வழி இருக்கிறது, இணைப்புகளைக் கூட்டுவது. ஒரே 10 மீட்டர் ட்ரெய்லருக்குப் பதில் 5 மீட்டராக இரண்டை மாட்டினால், கழிபடுவது 100 இல்லை, 25-உம் 25-உம் சேர்ந்து 50. பின் வட்டம் 2.7-இலிருந்து 7.6 மீட்டராக விரிந்துவிடும். அதே சரக்கு நீளம், வளைவில் எவ்வளவோ சுலபம். 25.25 மீட்டர் நீளத்தில் சுவீடனிலும் பின்லாந்திலும் ஓடும் வண்டிகளும், 2019 முதல் பின்லாந்து அனுமதித்த 34.5 மீட்டர் வண்டிகளும், 53.5 மீட்டர் வரை போகும் ஆஸ்திரேலிய ரோட் ட்ரெயின்களும் எல்லாம் இந்த வழியில்தான் சாத்தியமாயின.

ஆனால் ஒவ்வொரு இணைப்பும் சாட்டையில் ஒரு கணு. மணிக்கு 88 கிலோமீட்டரில் டிரைவர் சடாரென்று லேன் மாறுகிறார் என்று வையுங்கள். சோதனைகளில் வழக்கமாக எடுக்கும் வேகம் இது. முன்வண்டி ஒரு அளவு பக்கவாட்டு உலுக்கல் வாங்கும். ஒற்றை ட்ரெய்லர் என்றால் பின்னால் போய்ச் சேரும் உலுக்கலும் கிட்டத்தட்ட அதே அளவு. இழுகம்பியில் மாட்டிய இரண்டாவது ட்ரெய்லர் என்றால் அது இரண்டு மடங்கைக்கூடத் தாண்டலாம். முன்னால் இருக்கும் டிரைவருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் லேசாகத்தான் திருப்பினார், கடைசிப் பெட்டி கவிழ்ந்திருக்கும். இரண்டாவது ட்ரெய்லரை இழுகம்பி இல்லாமல் முதல் ட்ரெய்லரின் முதுகிலேயே நேரடியாக மாட்டும் ‘பி-டபுள்’ வகை நிதானமாக இருப்பதற்குக் காரணம், அதில் ஒரு கணு குறைவு. அதோடு, ஒன்று சாயப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும்.

ஆக, தெருமுனையில் இணைப்பு அதிகம் வேண்டும், நெடுஞ்சாலையில் குறைவாக வேண்டும். வண்டி ஒன்றுதான். வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் அடைய வழியில்லை.

சக்கரம் திரும்ப வேண்டிய திசையிலும் இதே முரண்தான். மெதுவாகப் போகும்போது வால் உள்ளே விழுகிறது, ஆகவே பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் திரும்பி வாலை வெளியே தள்ள வேண்டும். வேகமாகப் போகும்போது வால் வெளியே வீசப் பார்க்கும். அப்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் அதே திசையில் திரும்பி வாலை உள்ளே இழுக்க வேண்டும். இணைப்பு மடிவதை மட்டும் பார்த்துத் திருப்பும் கம்பி முறைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வேகத்தில் அது வீச்சைக் கூட்டிவிடும். வேகத்தையும் பாதையையும் சேர்த்துப் பார்க்கும் கணினியால் மட்டுமே ஒரே சக்கரத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்த முடியும்.

அங்கேயும் ஒரு இழுபறி. வேகத்தில் வால் பாதையை அச்சுப் பிசகாமல் பின்பற்ற வேண்டுமென்று வற்புறுத்தினால், அந்த வளைவின் முழு உலுக்கலையும் பெட்டி வாங்க வேண்டும். சரக்கு உயரமாக ஏற்றிய ட்ரெய்லர் கவிழ அவ்வளவு பெரிய உலுக்கல் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் செயல்திறன் அடிப்படையிலான விதிகள் கேட்கும் குறைந்தபட்சத் தாங்குதிறன், புவியீர்ப்பில் 0.35 பங்கு. பஸ்ஸுக்கும் அபாயச் சரக்கு டேங்கருக்கும் 0.40. நம் சாதாரண கார் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். எனவே கவிழும் நிலை நெருங்கும்போது, வாலைப் பாதையிலிருந்து கொஞ்சம் விலக விட்டு உலுக்கலைத் தணிப்பது நல்லது என்பது கேம்பிரிட்ஜ் குழுவின் இன்னொரு முடிவு. எவ்வளவு விலகலாம்? பக்கத்து லேனில் ஆள் இருந்தால்? வர்க்கமூலம் இதற்கு விடை சொல்லாது.

அந்த ஆஸ்திரேலிய விதிகளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வண்டி எத்தனை மீட்டர் என்பதோடு நிற்காமல், வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று அவை கேட்கின்றன. திரும்பும்போது அடைக்கும் அகலம் 7.4 மீட்டருக்குள் என்றால் முதல் நிலை, அதற்கு அநேகமாக எல்லாச் சாலைகளும் திறந்திருக்கும். 8.7, 10.6, 13.7 என்று அகலம் கூடக் கூட, போகக்கூடிய சாலைகள் குறையும். வால் வீச்சு, சாட்டை வீச்சு, நேர்ச்சாலையில் ஆடுவது என ஒவ்வொன்றுக்கும் தனி அளவு. இப்படிக் கேட்டால், நல்ல ஸ்டியரிங் போட்டவருக்கு நல்ல சாலை கிடைக்கும். போட்ட காசுக்கு ஒரு அர்த்தம் வரும்.

பிரிட்டன் எடுத்த வழி வேறு. 2012-இல் 15.65 மீட்டர் ட்ரெய்லர்களைச் சோதனை முறையில் ஓட விட்டார்கள், வழக்கத்தைவிட 2.05 மீட்டர் நீளம். எடை வரம்பு பழைய 44 டன்தான். பஞ்சுமெத்தை, பிஸ்கட், பால் கூண்டு மாதிரி எடையில்லாமல் இடத்தை அடைக்கும் சரக்குக்கு இது லாபம், பத்து நடை ஒன்பதாகக் குறையும். 2023 மே 31 முதல் அவை பொதுவாகவே சட்டபூர்வமாயின. அந்த நீளம் பழைய வட்டச் சோதனையில் தேற, கடைசி ஆக்சில் ஏதாவது ஒரு விதத்தில் திரும்பியாக வேண்டும். ஆனால் வட்டச் சோதனை சீரான சுற்றை மட்டுமே அளக்கிறது. தானாகச் சாயும் மலிவான ஆக்சிலே அதில் பாஸாகிவிடும். கணினி ஸ்டியரிங் போட்டாலும் அதே பாஸ் மார்க்தான். பிறகு யார் கூடுதலாகச் செலவழிப்பார்கள்? வால் வீச்சைப் பற்றிய கவலைக்கு, எந்தச் சாலையில் போவது என்ற திட்டமும் ஆபத்து மதிப்பீடும் நிறுவனங்கள் செய்ய வேண்டும் என்று விதி வைத்தார்கள். காகிதத்தில் தீர்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

செலவு யாருடையது, லாபம் யாருக்கு என்பதும் குழப்பம்தான். இழுக்கும் வண்டி ஒருவருடையது, ட்ரெய்லர் இன்னொருவருடையது என்பது சரக்குத் தொழிலில் சகஜம். காலையில் ஒரு வண்டி இழுத்த ட்ரெய்லரை மாலையில் வேறொன்று இழுக்கும். ஸ்டியரிங்கும் பம்பும் சென்சாரும் ட்ரெய்லரில் ஏற வேண்டும். டயர் மிச்சம் ட்ரெய்லர்காரருக்கு, டீசல் மிச்சம் வண்டிக்காரருக்கு, தார் கிழியாமல் இருப்பது நெடுஞ்சாலைத் துறைக்கு, சைக்கிள்காரர் உயிரோடு வீடு போய்ச் சேர்வது ஊருக்கு. மொத்தக் கணக்கில் லாபம் பெரிது. ஆனால் அந்த மொத்தக் கணக்கை வைத்திருப்பவர் எவரும் இல்லை. ட்ரெய்லர் என்பது பெட்டியும் சக்கரமும், அதற்கு எதற்கு மூளை என்ற பழைய எண்ணமும் இன்னும் போகவில்லை.

பயமும் நியாயமானதே. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது பின்சக்கரத்தின் ஹைட்ராலிக் குழாய் வெடித்தால்? சென்சார் தப்பான கோணத்தைச் சொன்னால்? அப்போது சக்கரம் தானே நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். தனக்குக் கோளாறு என்பதை அமைப்பே முதலில் உணர வேண்டும். முன்வண்டியின் பிரேக் கணினியும் பின்பெட்டியின் கணினியும் வெவ்வேறு கம்பெனிக்காரர்கள் செய்தவை, அவை ஒரே மொழி பேச வேண்டும். சோதனைக் களத்தில் ஒரு வண்டியை ஓட்டிக் காட்டுவதற்கும், எண்ணெய் மாற்றக்கூட நேரம் இல்லாத பத்தாயிரம் ட்ரெய்லர்களில் இதை வைப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் இதுதான்.

அப்புறம், முப்பந்தல் ரோட்டில் ரிமோட்டோடு நடந்து வந்தவர். அவர் வேலையை இந்தக் கணினி அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கேம்பிரிட்ஜ் முறை வாலை முன்வண்டி போன தடத்தில் கொண்டுவந்து நிறுத்தும், சரக்கு பெட்டிக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அது போதும். இறக்கை அப்படி இல்லை. கடைசி ஆக்சிலையும் தாண்டிப் பல மீட்டர் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் தடத்தில் சரியாக உருண்டாலும், நுனி எதிர்ப்பக்கம் ஒரு கடைக்கூரையைத் தடவிக்கொண்டு போகலாம். சில திருப்பங்களில் நுனியைக் காப்பாற்ற, சக்கரத்தை வேண்டுமென்றே தடம் தவறி மண்ணில் இறக்க வேண்டியிருக்கும். அதனால் அவர் சக்கரத்தைப் பார்ப்பதே இல்லை. தலையை அண்ணாந்து, நுனிக்கும் மின்கம்பிக்கும் நடுவில் எத்தனை விரற்கடை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே விசையைத் தள்ளுகிறார்.